பையனுக்குப் போன மரு எனக்கு ஏன் போகவில்லை

பாதத்தில் மரு என்று வாயைத் திறந்தால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எருக்கம்பால், சுண்ணாம்பு, அம்மன் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டுவது, மெடிக்கலில் கிடைக்கும் கார்ன் கேப் என்ற ஆணிக்கு ஒட்டும் மருந்துப் பிளாஸ்டர், ஐஸ் வைத்துக் கருக்குவது என்று பட்டியல் நீளும். தனக்கு அதில்தான் போச்சு என்று கற்பூரம் அடித்துச் சத்தியமும் செய்வார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. மரு வருவது வைரஸால், அவர்களுக்கு வந்த வைரஸ் ஒரு வகை, நமக்கு வந்தது வேறு வகை. எங்கள் வீட்டில் ஒரே வருஷத்தில் என் பையனுக்கும் வந்தது, எனக்கும் வந்தது. அவனுக்குச் சில மாதத்தில் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது, எனக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. அவனுக்குச் செய்ததையெல்லாம் எனக்கும் செய்து பார்த்த பிறகுதான், மருவுக்கு மருந்து தேடுவதற்கு முன்னால் அது எந்த மாதிரி மரு என்று கேட்க வேண்டும் என்பது எங்களுக்குப் புரிந்தது.

வீடு வடசென்னையில் கொருக்குப்பேட்டை. வரிசையாக ஐந்தாறு குடித்தனம், பாத்ரூம் பொது. நான் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை செக்ஷனில் இருக்கிறேன். அந்த வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும், மெத்தை விரித்த இடத்தில் செருப்புப் போட முடியாது, காலையில் கழற்றினால் ராத்திரி ஷட்டர் இறக்கும்போதுதான் திரும்ப மாட்டுவது. தீபாவளி, ஆடித் தள்ளுபடி சமயத்தில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்கக்கூட நேரம் கிடைக்காது. பையன் எட்டாவது படிக்கிறான், வியாசர்பாடியில் போய் ஃபுட்பால் ஆடுகிறவன். ஷூ இருந்தாலும் பாதி நாள் வெறுங்கால்தான்.

முதலில் வந்தது அவனுக்கு. குதிகாலில் ஒரே ஒரு மரு, மிளகு அளவு. சுற்றிலும் தடித்த வளையம், நடுவில் பள்ளம், பள்ளத்துக்குள் கருப்பாகப் புள்ளி புள்ளியாக இருந்தது. என் மாமியார் பார்த்துவிட்டு, “கால் ஆணி, பிளேடால சீவிட்டா சரியாயிடும்” என்றார். நல்லவேளை பையன் காலைக் கொடுக்கவே இல்லை, கூரை ஏறும் அளவுக்குக் கத்தினான். ஆணிக்கும் மருவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை, ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை. பாதத்தின் தோலில் கைரேகை மாதிரியே கோடு ஓடும். ஆணி என்றால் அந்தக் கோடுகள் அதன் மேலேயும் தொடர்ந்து ஓடும். மரு என்றால் கோடு அதன் ஓரத்தில் வந்து நின்றுவிடும், ஒதுங்கிப் போகும். ஆணியை நேராக அழுத்தினால் வலிக்கும், மருவை இரண்டு விரலால் பக்கவாட்டில் பிடித்துக் கிள்ளினால் உயிர் போகும். கருப்புப் புள்ளியை வேர் என்றும் விதை என்றும் சொல்லி ஊசியால் நோண்டுகிறார்கள். அது வேருமில்லை விதையுமில்லை, மருவுக்குள் போகும் மெல்லிய ரத்தக்குழாய்கள் அடைத்துக் கருத்துப்போனது. நோண்டினால் ரத்தம் வரும், உதிரும் தோல் துணுக்கோடு வைரஸும் பக்கத்துத் தோலில் இறங்கும்.

எனக்கு வந்தது இந்த மாதிரியே இல்லை. முன்பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, தட்டையாக ஒரு திட்டு. வலியும் இல்லை. நின்று நின்று காய்ப்பு ஏறியிருக்கிறது என்று கடையில் எல்லாரும் சொன்னார்கள், அங்கே பாதிப் பேருக்குக் காலில் காய்ப்பு உண்டு. அது மெதுவாகப் பரவி, பக்கத்தில் குட்டி குட்டியாக முளைத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் தரையில் சில்லுக் கற்களைப் பதித்தாற்போல ஒரு பெரிய திட்டாக ஆனது. அப்புறம்தான் வலி. எடையை வெளிப்பக்கம் போட்டு நடந்து நடந்து முட்டியும் வலிக்க ஆரம்பித்தது. “இன்னாக்கா, ஒரு மாரியா நடக்குற?” என்று பக்கத்துக் குடித்தனப் பெண் கேட்ட பிறகுதான் நான் நடையே மாறிப்போனதைக் கவனித்தேன்.

அதற்குள் பையனுடையது போயே போய்விட்டது. மாமியார் அவன் பேரில் அம்மனுக்கு உப்பும் மிளகும் வாங்கிக் கொட்டியிருந்தார். நான் மெடிக்கலில் வாங்கிய, தடித்த தோலைக் கரைக்கும் சாலிசிலிக் ஆசிட் மருந்தையும் இரண்டு மூன்று வாரம் தடவியிருந்தேன், அதுவும் அவன் ஆட்டம் முடிந்து வந்து தூங்கிவிடாத நாட்களில் மட்டும். எதனால் போனது என்று வீட்டில் பெரிய பஞ்சாயத்து. சரி, எதனால் போனாலும் அதையே நமக்கும் செய்வோம் என்று இரண்டையும் செய்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினேன், பெயர் வேண்டாம். திரவ நைட்ரஜன் வைத்து உறைய வைக்கும் வைத்தியம், கிரையோ என்பார்கள். மைனஸ் 196 டிகிரி குளிரை மருவின் மேல் வைத்தால் எரிச்சல் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மறுநாள் கொப்புளம். அதோடு கடையில் பத்து மணி நேரம் நிற்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள், ஒவ்வொரு தடவையும் தனிக் கட்டணம். இன்னும் ஒரே ஒரு சிட்டிங், இன்னும் ஒரே ஒரு சிட்டிங் என்று சொல்லிக்கொண்டே போனார்களே தவிர, இந்த மாதிரி மருவுக்கு இது கேட்கலாம், கேட்காமலும் போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வைத்தியத்தின் மேல் கோபமில்லை, அந்த வார்த்தையைச் சொல்லாததில்தான் கோபம். சம்பளத்தில் பிடித்தம் போட்டு லீவ் எடுத்துப் போகிறவளுக்கு அந்த ஒரு வார்த்தை பெரிய விஷயம்.

பிறகுதான் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் தோல் ஓபிக்கு, அதாவது வெளிநோயாளிப் பிரிவுக்குப் போனது. பையனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அங்கே இருந்த லேடி டாக்டர் பூதக்கண்ணாடி மாதிரி லைட் வைத்த கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, மேல் தோலை லேசாகச் சீவினார். சீவிய இடத்தில் ஊசிமுனை அளவில் ரத்தப் புள்ளிகள் எழும்பின, இதுதான் மருவுக்கு அடையாளம் என்று காட்டினார். பையனுக்கு வந்து போன கதையைச் சொன்னதும், “உங்களுக்கு வந்ததும் அவனுக்கு வந்ததும் ஒண்ணுன்னு யாரும்மா சொன்னா? ஒரே பேர்ல இருநூறு வைரஸ் இருக்கு” என்றார்.

அவர் சொன்னதையும், நர்சிங் படிக்கும் என் மகள் பிறகு படித்துச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். மருவை உண்டாக்குவது எச்பிவி என்ற வைரஸ். அதில் 200-க்கும் மேல் வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். பாதத்தில் அதிகம் வருவது 1, 2, 27, 57 ஆகியவை. 4, 60, 63, 65 என்று வேறு சிலவும் வரும். இதில் 1-ஆம் எண் தனி ரகம். பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வருவது, ஒற்றையாக ஆழமாக இறங்கி வலிக்கும், மருவுக்குள் வைரஸ் ஏராளமாகப் பெருகும், ஆனால் உடம்பு அதைச் சீக்கிரம் அடையாளம் கண்டு விரட்டிவிடும். 2, 27, 57 மூன்றும் ஒரு குடும்பம். கையில் வரும் சாதாரண மருவுக்கும் இவையே காரணம், பாதத்தில் வந்தால் என்னுடையது போலத் திட்டாகப் படரும், பெரியவர்களுக்கு வந்தால் குடியிருந்துவிடும். எனக்கு வந்தது 27-ஆ 57-ஆ என்று யாரும் சீட்டில் எழுதித் தரவில்லை. வகையைக் கண்டுபிடிக்கும் சோதனை ஆராய்ச்சிக்குச் செய்வது, ஓபியில் செய்வதில்லை. வயது, எவ்வளவு நாளாக இருக்கிறது, ஒற்றையா திட்டா என்பதை வைத்து டாக்டர் ஊகிக்கிறார், அந்த ஊகமே வைத்தியத்துக்குப் பெரும்பாலும் போதும் என்றார்.

எந்த வைத்தியம் எவ்வளவு கேட்கிறது என்று நெதர்லாந்தில் லைடன் ஊர் டாக்டர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மரு உள்ள 250 பேரைப் பிரித்து, சிலருக்குக் கிரையோ, சிலருக்குச் சாலிசிலிக் ஆசிட், சிலருக்கு எதுவுமே செய்யாமல் 13 வாரம் பார்த்தார்கள். 2010-இல் வெளியான முடிவு, கை மருவுக்குக் கிரையோதான் தெளிவாகச் சிறந்தது. பாத மரு போனது கிரையோவில் 30 சதவீதம் பேருக்கு, ஆசிட்டில் 33, சும்மா இருந்தவர்களில் 23. இந்த மூன்றுக்கும் நடுவே வித்தியாசம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஒன்றுமில்லை. அதே குழு 2013-இல் அதே ஆட்களின் மருவை வைரஸ் வகைப்படி பிரித்துப் பார்த்தது. அங்கேதான் விஷயம் வெளியே வந்தது. 1-ஆம் வகை வந்தவர்களில், எந்த வைத்தியமும் செய்யாமலே பாதிப் பேருக்கு மேல் மரு போயிருந்தது. 2, 27, 57 வந்தவர்களில் சும்மா இருந்து போனது பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. ஆசிட் தடவியபோதும் 1-ஆம் வகைதான் நன்றாகக் கேட்டது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்தில் 12 வயதும் அதற்கு மேலும் ஆன 240 பேரை வைத்து நடந்த இன்னொரு ஆய்வு 2011-இல் வந்தது. 50 சதவீத ஆசிட்டைத் தினம் போட்டவர்கள், கிரையோ செய்துகொண்டவர்கள், 12 வாரத்தில் இரண்டு பக்கமும் 14 சதவீதம்தான் தேறினார்கள். இதை மகள் படித்துக் காட்டியபோது, கிளினிக்கில் கொடுத்த பணத்தை நினைத்துக்கொண்டேன்.

அம்மனுக்குக் கொட்டிய உப்பு மிளகுக்கும் இதில்தான் பதில் இருக்கிறது. தானாகவே போகப்போகிற மருவுக்கு எதைச் செய்தாலும் பலித்த மாதிரி இருக்கும். பிள்ளைகளுக்கு வரும் மருவில் பாதி அப்படித்தான். அதனால்தான் ஒவ்வொரு தெருவிலும் ஒவ்வொரு வைத்தியத்துக்குச் சாட்சி கிடைக்கிறது. மாமியாரிடம் இதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உப்பு மிளகால் யாருக்கும் கெடுதல் இல்லை. எருக்கம்பாலும் சுண்ணாம்பும் அப்படியில்லை, எங்கள் வரிசையிலேயே ஒருவர் சுண்ணாம்பும் சோப்பும் குழைத்துப் போட்டுப் பாதம் வெந்து ஒரு மாதம் வேலைக்குப் போகாமல் கிடந்தார்.

ஒரு சங்கடமும் நடந்தது. ஓபி சீட்டில் எச்பிவி என்று எழுதியிருந்ததைக் கடையில் ஒரு பெண் பார்த்துவிட்டு ஃபோனில் தேடியிருக்கிறாள், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. இரண்டு நாளில் என்னைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிட்டது. டாக்டரிடம் நேராகவே கேட்டேன். புற்றுநோய்க்கு முக்கியமாகக் காரணமாவது 16, 18 என்ற வகைகள், அவை பிறப்புறுப்பிலும் ஈரமான உள்சவ்விலும் வருபவை, பாதத்தில் வரும் 1, 2, 27, 57-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். இது உடலுறவில் வருவதும் இல்லை, ஈரத் தரையில் மிதித்து வருவது. அப்படியானால் எச்பிவி தடுப்பூசி போட்டால் கால் மரு போகுமா என்றும் கேட்டேன். நம் நாட்டில் சீரம் நிறுவனம் செய்யும் செர்வாவேக், 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைக்கானது, கால் மருவுக்காகச் செய்ததல்ல. மகளுக்கு அதைப் போடச் சொன்னார், அது வேறு காரணத்துக்காக.

சரி, எனக்கு என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். முதலில் ஆசிட்டையே திரும்பக் கொடுத்தார், ஆனால் போடும் முறையை மாற்றினார். சாலிசிலிக் ஆசிட் 16.7 சதவீதம், லாக்டிக் ஆசிட் 16.7 சதவீதம் கலந்த திரவம், சின்ன பாட்டில், மூடியிலேயே பிரஷ் இருக்கும், எந்த மெடிக்கலிலும் கிடைக்கும். ராத்திரி கடையிலிருந்து வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊற வைப்பேன், ஊறிய தோல் வெளுத்து மெத்தென்று ஆகும். அப்போது அட்டை அரத்தால் தேய்த்தால் மாவு மாதிரி உதிரும், அதைக் காகிதத்தில் பிடித்துக் குப்பையில் போட்டுவிடுவேன். அந்த அரம் எனக்கு மட்டும், நகத்துக்கு அதைத் தொடக்கூடாது, நாளாக நாளாகத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்க வேண்டும். துடைத்துக் காய்ந்ததும் மருவைச் சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவி, மருவின் மேல் மட்டும் திரவத்தை வைப்பேன். வெள்ளைப் படலமாகக் காயும். அதன் மேல் பிளாஸ்டர். தேய்க்காமல் பழைய படலத்தின் மேலேயே திரும்பத் திரும்பத் தடவினால் மருந்து செத்த தோலில்தான் நிற்கும், உள்ளே இறங்காது. முதலில் தடவியபோது அதுதான் நடந்தது, என் பாட்டிலில் இதை விளக்கி எழுதியிருக்கவில்லை. ரத்தம் வந்தாலோ எரிச்சல் அதிகமானாலோ இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டுத் தொடர வேண்டும்.

இதில் திட்டு மெலிந்தது, வலி குறைந்தது, ஆனால் போகவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் பார்த்துவிட்டு டாக்டர் ஊசி போடலாம் என்றார். குழந்தைகளுக்குத் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்குப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசியைக் கொஞ்சமாக எடுத்து, இருப்பதிலேயே பெரிய மருவுக்குள் செலுத்துவது. இந்த வைரஸ் ரத்தத்தில் இறங்காது, மேல் தோலிலேயே சத்தமில்லாமல் இருக்கும், அதனால் உடம்பின் காவலுக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்த எதிரியான தடுப்பூசியை அங்கேயே கொண்டுபோய் வைத்தால் காவல் படை ஓடி வரும், வந்த இடத்தில் மருவையும் பார்த்துவிடும் என்பதுதான் யோசனை. எல்லாருக்கும் பலிப்பதில்லை என்பதை முன்கூட்டியே சொன்னார், அந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. கர்ப்பமாக இருப்பவர்களுக்கும், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் போடமாட்டார்கள்.

வலி கடுமை. பாதத்தில் தோல் கெட்டி, ஊசி மருந்து இறங்க இடமே இல்லை, அழுத்திப் போடும்போது பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அன்று ராத்திரி லேசான ஜுரம். சில வார இடைவெளியில் திரும்பப் போட்டார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு பெரிய திட்டு கருத்து உலர்ந்து விளிம்பில் உரியத் தொடங்கியது, ஊசியே படாத குட்டிகளும் கூடவே சுருங்கின. விரல் இடுக்கில் ஒன்று மட்டும் இன்னும் இருக்கிறது, அதற்கு ஆசிட் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மின்சாரத்தில் சுட்டு எடுப்பது, வெட்டி எடுப்பது பற்றியும் கேட்டேன். பாதத்தில் தழும்பு விழுந்தால் மரு போனாலும் தழும்பின் மேல் நடக்க வேண்டியிருக்கும், நாள் முழுக்க நிற்கும் வேலைக்கு அது வேண்டாம், கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம் என்றார். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை உண்டு. அவருக்கு இப்படி ஒன்று வந்தால் மெடிக்கல் ஆசிட், கார்ன் கேப் எதையும் தொடக்கூடாது, நேராக டாக்டரிடம் போக வேண்டும் என்று தனியாக எச்சரித்தார். மரத்துப்போன காலில் ஆசிட் புண் பண்ணினால் தெரியவே தெரியாது.

காசிமேட்டில் மீன் வெட்டும் என் நாத்தனாருக்குக் கையில் மரு இருக்கிறது. மீனால் வந்தது என்று அவளே நம்பிக்கொண்டிருந்தாள். கறி வெட்டுகிறவர்கள், மீன் வெட்டுகிறவர்கள் கையில் 7-ஆம் வகை எச்பிவி அதிகம் காணப்படுவது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயமாம். ஆனால் மீனிலிருந்து வருவதில்லை, அது மனுஷ வைரஸ்தான். ஐஸ் தண்ணீரில் ஊறி, முள்ளும் கத்தியும் கிழித்த தோலில் அதற்கு வழி கிடைக்கிறது. அவளுக்குக் கையுறை வாங்கிக் கொடுத்தேன், கத்தி வழுக்குகிறது என்று கழற்றி வைத்துவிட்டாள்.

பொது பாத்ரூமில் செருப்போடு போவது என்று எங்கள் வரிசையில் ஒரு வழியாக முடிவாகியிருக்கிறது. தனித் துண்டு, தனிச் செருப்பு, ராத்திரி காலைக் கழுவி விரல் இடுக்கு வரை துடைப்பது, இவ்வளவுதான் நம்மால் முடிந்தது. மரு போய்விட்டதா என்று சந்தேகம் வந்தால் மேல் தோல் வழவழப்பாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கால் நன்றாகக் காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தோலின் கோடுகள் அந்த இடத்தைத் தாண்டி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை அறுபடாமல் ஓட வேண்டும். கோடு நடுவில் எங்காவது நின்றால், மருந்தை நிறுத்தாமல் இன்னும் கொஞ்ச நாள் போடுங்கள்.